உள் விமர்சகரின் நிரந்தர முகவரி

ஆல்டன்மூர் தேயிலைத் தோட்டத்து வினோதாவுக்குத் தனக்குள் ஒரு விமர்சகர் குடியிருக்கிறார் என்பது முப்பத்தாறு வயது வரை தெரியாது. ஹட்டனிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

அனுப்பியது மலையகச் சுதந்திர எழுத்து மேம்பாட்டுச் சபை. மூன்று மாதத்துக்கு முன்னால், தொழிலாளர்களிடமிருந்து ஆக்கங்கள் கேட்டு அந்தச் சபை நோர்வூட் கடைகளில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்கு வெகு முன்பே வினோதா ஒரு கொப்பியில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். 'ஏழாம் மலையில் அந்த மரத்தில் குளவிக்கூடு இருந்தது என்று' என்ற இடத்தில் பேனா நின்றிருந்தது. பத்து மாதமாகவே அது அந்த இடத்தைத் தாண்டவில்லை. முடிவுத் திகதி வந்ததும், நின்றது நின்றபடியே உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டாள்.

சபை அதை ஆழ்ந்து பரிசீலித்திருந்தது. கடிதம் இப்படி இருந்தது: 'தங்கள் ஆக்கம் ஒன்றரைப் பக்கத்தில் தடைப்பட்டுள்ளமை சபையின் கவனத்துக்கு வந்துள்ளது. தங்களுக்குள் வதியும் விமர்சகரே இத்தடைக்குப் பொறுப்பு என நிபுணர் குழு இனங்கண்டுள்ளது. மேற்படி நபரை அகற்றும் பொருட்டு ஹட்டனில் நடைபெறவுள்ள மூன்று நாள் வதிவிடச் செயலமர்வுக்குச் சமுகமளிக்கவும். வரும்போது தேசிய அடையாள அட்டை, போர்வை, மேற்படி நபர் பற்றிய விபரங்கள் ஆகியவற்றைக் கொண்டு வரவும்.'

அவள் கணவன் லோஜன் ஆட்டோ ஓட்டுபவன். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான்.

"மேற்படி நபர்னா யாரு?"

"எனக்குள்ள இருக்கிறவராம்."

"எத்தன நாளா?"

"தெரியலைங்க. சபைக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

லீவு கிடைக்காது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு நல்லமுத்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலேயே எல்லார் முன்னாலும் சம்மதம் சொன்னார். "போயிட்டு வா. நம்ம கம்பெனிதான் காசு குடுத்து அனுசரணை. கடைசி நாளு பெரிய தொரையே பிரதம அதிதியா வர்றாரு. தோட்டத்துப் பேரைக் காப்பாத்துற மாதிரி எழுது" என்றார். வினோதா தலையைக் குனிந்தபடி கூடையை எடுத்துக்கொண்டாள். எழுத வந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது.

லயத்து வரிசை வீடுகளில் வினோதாவுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஜெயந்தினி, போன வருடம் ஏழாம் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி இறந்துபோனாள். தோட்டத்து அறிக்கை இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, கூடு இருந்தது முன்கூட்டி எவருக்கும் தெரியாது. இரண்டு, ஜெயந்தினிக்கு ஏற்கனவே இதயம் பலவீனம். நல்ல இதயமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். இந்த இரண்டாவதைக் கேட்ட நாளிலிருந்து ஜெயந்தினியின் கணவன் சின்னராசா ஆளே மாறிப்போனான். "மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குதுன்னு ஒருநா சொன்னா. நான்தான் டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. நான்தான் கொன்னுட்டேன்" என்று போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொன்னான். கேட்க ஆள் இல்லாதபோது தண்ணீர் பிடிக்கும் பீலியிடம் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் வினோதா அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டினாள். அவன் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். அதை எழுதத்தான் கொப்பி வாங்கினாள்.

ஹட்டன் மண்டபத்து வாசலில் சபையின் எழுதுவினைஞர் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"உள் விமர்சகரின் முழுப் பெயர்?"

"அதுக்குப் பேரு இல்லைங்க. உள்ள கேக்குற சத்தந்தான்."

"பேரில்லாத ஆளை எப்படிம்மா அகற்றுறது? நாளைக்குக் கணக்காய்வுக்கு வந்து யாரை அகற்றுனீங்கன்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?" 'சத்தம்' என்று எழுதிக்கொண்டார். "வயசு?"

"பத்து மாசமாத்தான் பலமாக் கேக்குது."

"பத்து மாசம். அப்ப குழந்தை. பாதுகாவலர் கையொப்பம் வேணும். நீங்களே போடலாம். நிரந்தர முகவரி?"

"எனக்குள்ளதானுங்களே."

"அது தற்காலிக முகவரி. அதுலருந்துதானே அகற்றப் போறோம்."

வினோதா வேறு வழியில்லாமல் தன் லயத்து இலக்கத்தைச் சொன்னாள். அப்படியானால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று வேண்டும் என்றார் அவர். அரை மணி நேரம் இழுபறிக்குப் பிறகு, அகற்றப்பட்டவர் மூன்று மாதத்துக்கு அந்தப் பக்கமே வரமாட்டார் என்று உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

அவளாவது உள்ளே போனாள். உடப்புசல்லாவையிலிருந்து வந்திருந்த செபமாலை மாஸ்டர், விமர்சகரின் பெயர் என்ற கோட்டில் தன் பெயரையே எழுதிவிட்டார். என்னை விமர்சிப்பது நான்தானே என்பது அவர் நியாயம். அப்படியென்றால் அகற்றப்பட வேண்டிய நபர் அவர்தான். அகற்றப்பட வேண்டிய நபரை மண்டபத்துக்குள் அனுமதிக்கச் சபையின் விதியில் இடமில்லை. மூன்று நாளும் அவர் விறாந்தையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு மட்டும் யன்னல் வழியாகப் போயிற்று.

சபையின் தலைவர் சூசைரட்ணம் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பேசினார்.

"எழுதும்போது இது சரியா, இது உண்மையான்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்கும். அதைக் காதுல போட்டுக்காதீங்க. நான் இருபத்தெட்டு வருஷமாப் போட்டுக்கிறதில்ல. பதினாறு நூல் வெளியிட்டிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் அதுல ஒண்ணைக்கூட நான் திரும்பி வாசிச்சதில்ல." கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார். "நீங்க பயப்படவே வேணாம். பயப்பட வேண்டிய இடம் வந்தா, உங்களுக்குப் பதிலா பயப்படத்தான் சபை இருக்கு."

அதன் பிறகு விமர்சகர்களைக் கையேற்கும் வைபவம். வாக்குப் பெட்டி போன்ற ஒரு மரப்பெட்டி மேசைமேல் இருந்தது. உள்ளே இருக்கும் குரல் வழக்கமாக என்ன சொல்லுமோ அதை ஒரு துண்டில் எழுதி அந்தப் பெட்டியில் போட வேண்டும். பக்கத்தில் இருந்த பெண் 'உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேல' என்று எழுதினாள். இன்னொருவர் 'ரகர றகரப் பிழை' என்று எழுதினார். வினோதா வெகுநேரம் யோசித்து 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதிப் போட்டாள். அதுதான் அந்தச் சத்தம் கேட்கும் ஒரே கேள்வி. கூடு இருந்தது என்று எழுதப் போகும் ஒவ்வொரு தடவையும் கேட்கும். அதற்கு மேல் அவளால் எழுத முடியாது.

செயலாளர் சுகந்தன் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தார். இரண்டு சாட்சிகள் கையொப்பம் இட்டார்கள். இருபத்து மூன்று விமர்சகர்கள் பெறப்பட்டதாக ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சுகந்தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரண்டாம் நாள் வகுப்பெடுத்தவர் கொழும்பிலிருந்து வந்த வளவாளர் ஷிராணி. நல்ல மனுஷி; குளிரில் மூக்குச் சிவந்து போயிருந்தது. மணி அடித்ததும் எழுதத் தொடங்க வேண்டும், அடுத்த மணி வரைக்கும் கை நிற்கக் கூடாது, என்ன வருகிறதோ அதை எழுத வேண்டும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். கை நிற்கிறதா என்று பார்க்கச் சபை நாலு மேற்பார்வையாளர்களைப் போட்டிருந்தது. கை நின்றால் பிரம்பால் மேசையில் தட்டுவார்கள். மூன்று தட்டு வாங்கினால் அரைப் பேர், அரை நாள் கணக்குத்தான். பின்னேரம் பக்கங்களை எண்ணி, குறைந்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதினார்கள். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் நடப்பதும் இதுதான் என்பதால் வினோதாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணி அடித்தது. அவள் எழுதினாள்.

தலைக்குப் பின்னால் பிரம்பு நடந்துகொண்டிருந்தபடியால் சத்தம் கேள்வி கேட்கவும் நேரமில்லை. பத்து மாதமாக நின்ற வரியைக் கை ஒரே மூச்சில் தாண்டிவிட்டது. ஏழாம் மலையில் பெரிய நிழல் மரத்தில் கூடு இருந்தது என்று எழுதினாள். திங்கட்கிழமையே கண்டாக்கையாவிடம் அதைச் சொன்னது, அவர் அண்ணாந்தும் பார்க்காமல் "மருந்தடிக்க ஆள் வருவாங்க, நீ போய் எடு" என்றது, ஆள் வராதது, புதன்கிழமை அதே மலைக்கு எல்லாரையும் ஏற்றியது, எல்லாம் வந்தது. ஜெயந்தினி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வடிகானுக்குள் விழுந்தது வந்தது. அவளைச் சாக்கில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தது வந்தது.

ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. புதன்கிழமை அந்த மரத்தடியில் கொழுந்து எடுக்கும் நிரை முதலில் யாருக்கு விழுந்தது என்ற இடம். உடனே மேசையில் தட்டு விழுந்தது. கையை ஓட்ட வேண்டுமே என்று, 'யாரோ ஒருத்தி இடுப்பு வலிக்கிறது என்று ஜெயந்தினியிடம் நிரை மாற்றிக் கேட்டாள்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். யாரோ ஒருத்தி. அந்த இரண்டு சொல் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

மணி அடித்தபோது பதினொரு பக்கம் ஆகியிருந்தது. பலகையில் அவள் பெயர்தான் முதலாவது. சூசைரட்ணம் நேரில் வந்து கை குலுக்கி, "பாத்தீங்களா? விமர்சகர் போனா எழுத்து எப்படிப் பாயுதுன்னு பாத்தீங்களா?" என்று எல்லாருக்கும் காட்டினார். அவர் அதை வாசிக்கவில்லை. ஷிராணி வாசித்தார். தேநீரைக் குடிக்க மறந்து வாசித்தார். பிறகு பக்கங்களை எடுத்துக்கொண்டு செயலாளரின் அறைக்குப் போனார்.

கால் மணி நேரத்தில் வினோதாவைக் கூப்பிட்டார்கள்.

சுகந்தன் பதினொரு பக்கத்தையும் விரலின் நுனியால் பிடித்திருந்தார். "இதை யார் உங்களை எழுதச் சொன்னது?"

"நீங்கதானுங்களே ஐயா."

"நாங்க சுதந்திரமா எழுதச் சொன்னோம். உள்ளதை எழுதச் சொல்லல."

சூசைரட்ணம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஷிராணியின் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க அளவுக்கு மிஞ்சி அகற்றிட்டீங்க. விமர்சகரை வெளியேத்தச் சொன்னா, கூடவே வேற எதையோ கழட்டி விட்டுட்டீங்க."

"நான் கொழும்பில இருபது கம்பெனிக்கு இந்த வகுப்பு எடுத்திருக்கன் சேர்," என்றார் ஷிராணி. "அங்க ஒருத்தரும் இப்படி எழுதினதில்ல. எல்லாரும் வீட்டுப் பூனையப் பற்றித்தான் எழுதுவாங்க."

அவசரக் கூட்டம் கூடியது. வினோதாவின் விமர்சகர் மீளக் குடியேறும் வரைக்கும் அவருடைய கடமைகளைக் கவனிக்க, ஐந்து பேர் கொண்ட தற்காலிக விமர்சகர் குழு ஏகமனதாக நியமிக்கப்பட்டது. குழு அங்கேயே வேலையைத் தொடங்கியது. ஒருவர் குளவி என்பதை வெட்டிப் பூச்சி என்றார். பூச்சி என்றால் பூச்சிமருந்து ஞாபகம் வரும் என்று இன்னொருவர் அதை இயற்கை ஆக்கினார். ஏழாம் மலை ஓரிடம் ஆயிற்று. ஜெயந்தினி என்ற பெயர் இருந்தால் அவளுக்கு உறவினர் இருப்பார்கள் என்பதால் ஒரு தாய் ஆனாள். இறந்தாள் என்பது வாசகரின் மனதைப் புண்படுத்தும். கண்டாக்கு வந்த ஐந்து பக்கமும் கதையோட்டத்துக்குத் தேவையில்லை. இருட்டும் நேரத்தில் பதினொரு பக்கமும் ஒரு வரியாக வந்து நின்றது: 'ஓரிடத்தில், இயற்கையின் மடியில், ஒரு தாய் துயில் கொண்டாள்.'

"அடடா!" என்றார் சூசைரட்ணம். "இதுதான் இலக்கியம். நாளைக்கு மேடையில நீங்க வாசிக்கப் போறது இதைத்தான்."

"இதுல என்ன நடந்துச்சுன்னே இல்லைங்களே ஐயா."

"அதுதானேம்மா அழகு."

ஆனால் சுகந்தனுக்குப் பயம் தீரவில்லை. மேடையில் ஏறிய பிறகு இவள் வேறு எதையாவது பேசினால்? விமர்சகரை முறைப்படி உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றார். அலுமாரியைத் திறந்தார்கள். அரக்கை உடைத்தார்கள். கையெழுத்தை வைத்து அவளுடைய துண்டைத் தேடி எடுத்தார்கள். 'ஒரு விமர்சகர், நல்ல நிலையில், உரியவரிடம் மீள ஒப்படைக்கப்பட்டார்' என்ற பற்றுச்சீட்டில் ஒப்பம் வாங்கிக்கொண்டு, சுகந்தன் துண்டை விரித்து வாசித்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்? நல்ல கேள்வி! இதைத்தானே நீங்க முதல்லயே உங்களைக் கேட்டிருக்கணும்? கூடு இருந்திச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்லா யோசிங்க. காலையில வரைக்கும் யோசிங்க."

வினோதா துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கைத்தொலைபேசி அடித்தது. லோஜன்.

"என்னா எழுதித் தொலைச்சிருக்க? கண்டாக்கு வீட்டுக்கே வந்துட்டுப் போறாரு. நீ எழுதுனது பூரா அவரு போன்ல படமா இருக்கு."

அது சபையின் வழக்கம்தான். ஒளிவுமறைவின்மை என்ற கொள்கையின் கீழ், எல்லா ஆக்கங்களின் முதல் பிரதியும் அனுசரணை வழங்கும் கம்பெனிக்கு அனுப்பப்படும்.

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. காம்பராவைச் சுத்திப் பாத்தாரு. கூரைத்தகரம் புதுசாப் போட்டீங்களான்னு கேட்டாரு. தோட்டத்துக் காம்பராதானேன்னாரு. அவ்வளவுதான்." லோஜனின் குரல் தணிந்தது. "வினோ, அவங்க குடுக்கிறதை வாசிச்சுட்டு வந்துரு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "என்னாங்க, அன்னைக்கு ஜெயந்தினிகிட்ட நிரை மாத்திக் கேட்டது நான்தான்," என்றாள்.

அந்தப் பக்கம் ஆட்டோவின் இயந்திரத்தை நிறுத்தினான்.

"அதை எழுதுனியா?"

"இல்ல. யாரோ ஒருத்தின்னு எழுதினேன்."

"அப்படியே இருக்கட்டும்," என்றான். "உயிரே போனாலும் அதைச் சொல்லாத."

மூன்றாம் நாள் காலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. கைதட்ட ஆள் வேண்டுமென்று தோட்டத்து லொறியில் நாற்பது பேரை, முழு நாள் சம்பளமான முழுப் பேர் போட்டு ஏற்றி வந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் சின்னராசா இருந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தான். மேடையிலிருந்து அவன் ஒட்டிப்போன கன்னம்கூடத் தெரிந்தது. அவன் இவ்வளவு மெலிந்துவிட்டதைப் பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு அவள் கவனித்திருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

பெரிய தொரை சுருக்கமாகப் பேசினார். "தொழிலாளர்கள் எங்கள் குடும்பம். குடும்பத்துக்குள்ளே நடப்பதை நல்ல குடும்பம் வெளியே பேசாது. இந்தச் சபை அதற்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறது."

மேசையில் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் 'இவர் உள் விமர்சகர் அற்றவர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. வினோதாவின் பெயரை அழைத்தார்கள். கண்டாக்கு நல்லமுத்து முதல் வரிசையில் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, கொடுத்த தாளை வாசித்தாள்.

"ஓரிடத்தில், இயற்கையின் மடியில், ஒரு தாய் துயில் கொண்டாள்."

கைதட்டல் பலமாக எழுந்தது. தொரை தலையாட்டி ரசித்தார். சின்னராசாவும் எல்லாரையும் பார்த்துவிட்டுக் கை தட்டினான். எதற்கு என்று தெரியாமல் அவன் தட்டியதை வினோதா கண்டாள். அவள் இறங்கவில்லை. மற்றக் கையில் அந்தத் துண்டு கசங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் இருக்குங்க," என்றாள்.

சுகந்தன் எழுந்தார்.

"அது ஓரிடம் இல்ல, ஏழாம் மலை. செத்தது எங்க ஜெயந்தினி. கூடு இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு நேத்து ஐயா கேட்டாரு. காலையில வரைக்கும் யோசிக்கச் சொன்னாரு. யோசிச்சேன். எனக்குத் தெரியும், ஏன்னா நான் பாத்தேன். திங்கக்கெழம காலையில பாத்தேன். அந்நேரமே கண்டாக்கையாகிட்ட சொன்னேன். மருந்தடிக்க ஆள் வருவாங்கன்னாரு. ஒருத்தரும் வரல."

ஒலிவாங்கி செத்துவிட்டது. சுகந்தன் வயரைப் பிடுங்கியிருந்தார். ஆனால் மலையில் நிரைக்கு நிரை கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவளுடையது. அந்த மண்டபத்துக்கு ஒலிவாங்கி தேவையும் இல்லை. விறாந்தை யன்னலில் செபமாலை மாஸ்டரின் தலை தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் சத்தமா, தங்கச்சி. வெளியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல," என்றார்.

"புதன்கெழம அந்த மரத்தடி நிரை எனக்குத்தான் விழுந்துச்சு," என்றாள் வினோதா. அவள் சின்னராசாவை மட்டும் பார்த்துச் சொன்னாள். "எனக்குப் பயமாப் போச்சு. இடுப்பு வலிக்குதுன்னு ஜெயந்தினிகிட்ட பொய் சொன்னேன். போடி, நான் அந்தப் பக்கம் எடுத்துக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டே மாறிக்கிட்டா. கூடு இருக்குன்னு அவகிட்ட நான் சொல்லல. சொன்னா அவளும் போகமாட்டா, நிரை சும்மா கெடக்கும், கண்டாக்கையா என்னையத்தான் ஏசுவாருன்னு வாயை மூடிக்கிட்டேன். அவ நெஞ்சு பலவீனம்னு எழுதியிருக்காங்களே, அது பொய். அவ நல்லாத்தான் இருந்தா. அவ்வளவுதாங்க."

நாற்பது பேரும் முழுப் பேருக்குக் கைதட்ட வந்தவர்கள். ஒருவர் கையும் அசையவில்லை. நல்லமுத்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டுநருக்கு விரலால் சைகை காட்டினார்.

நிலைமையைச் சமாளிக்கச் சூசைரட்ணம் தானே முன்னால் வந்தார். "மதிப்புக்குரியவர்களே, ஒரு சிறு தெளிவுபடுத்தல். இவருக்குள் விமர்சகர் இன்னும் உயிரோடு இருப்பது சற்று முன்னர் உறுதியாகியுள்ளது. இவர் பேசியது அவருடைய பேச்சு. ஆகவே சபை இதற்குப் பொறுப்பேற்காது. இவருக்கான சான்றிதழ் இரத்துச் செய்யப்படுகிறது. அடுத்து நன்றியுரை."

நன்றியுரை சொல்ல வேண்டியவர் ஷிராணி. அவர் எழுந்து ஒலிவாங்கி வரைக்கும் நடந்தார். வேலை செய்யாத அந்த ஒலிவாங்கியையும் வினோதாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இவங்க எழுதின பதினொரு பக்கத்தையும் வாசிச்சன்," என்றார். "பேர் போட்டுத் திகதியோட எழுதியிருந்தாங்க. யாராவது கேட்டா நான் அதைச் சொல்லுவன்." நன்றி சொல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டார்.

சின்னராசா அதற்குள் வெளியே போயிருந்தான்.

தொரையின் கார் போன கையோடு லொறியும் வெறுமையாகப் போய்விட்டது. நாற்பது பேரும் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வினோதா போர்வைப் பையோடு கடைசியில் நடந்தாள். அவளோடு யாரும் பேசவில்லை. ஒருத்தி மட்டும் பின்தங்கி வந்து தன் குடையை அவள் தலைப் பக்கம் சாய்த்தாள். இனிக் காம்பரா இருக்குமா, வேலை இருக்குமா என்று வினோதா யோசிக்கப் பார்த்தாள். யோசனை ஓடவில்லை. சின்னராசா எங்கே என்று மட்டும்தான் கண் தேடியது.

அவன் நோர்வூட் பஸ் நிற்கும் இடத்தில், மழையிலேயே நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் கிட்டப் போய் நின்றாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தாள்.

அவன் ரோட்டைப் பார்த்தபடி கேட்டான். "அவளுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லயா?"

"இல்லண்ணே."

"மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குதுன்னு சொன்னாளே."

"எங்க எல்லாருக்குந்தான் வாங்கும். அன்னைக்கு அவதான் எல்லாருக்கும் முன்னுக்கு ஏறுனா. நாங்கதான் நில்லுடி நில்லுடின்னு கத்திக்கிட்டுப் பின்னால போனோம்."

சின்னராசா வாயைப் பொத்திக்கொண்டான். தோள் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு உள்ளங்கையால் முகத்தை வழித்து மழைத் தண்ணீரை உதறினான்.

"நீ செஞ்சதைப் பத்தி இப்ப நான் பேச மாட்டேன்," என்றான். "பேசுனா என்னா பேசுவேன்னு எனக்கே தெரியல."

"சரிண்ணே."

"நாளைக்கு அரசாங்கத்துத் தொழில் காரியாலயத்துல முறைப்பாடு குடுக்கப் போறேன். நீயும் வரணும். அங்க சொன்னதை இங்கயும்…" வார்த்தை புரண்டது, திருத்திக்கொண்டான். "இங்க சொன்னதை அங்கயும் சொல்லணும். கண்டாக்கு சொன்னது, நீ சொல்லாம விட்டது, ரெண்டும். ஒரு சொல்லு குறையக் கூடாது."

"குறையாதுண்ணே."

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பஸ் வந்தது. நாற்பது பேரும் முண்டியடித்து ஏறினார்கள். சின்னராசா உள்ளே போய்க் கூட்டத்தில் மறைந்துவிட்டான். வினோதாவுக்கு உள்ளே இடமில்லை. பையைத் தோளில் மாட்டி, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நோர்வூட் வரைக்கும் மிதிபலகையிலேயே நின்று போனாள்.